பராமரிப்பவர் என்ற வரியில் என் பெயர்

மல்லிகா இறந்த செய்தி வந்தபோது நான் நம் சுரங்க அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் பதினோராவது கணினியை அப்டேட் செய்துகொண்டிருந்தேன். அட்டெண்டர் கோபால் கதவருகே நின்று, "சார், நம்ம மல்லிகாம்மா காலையில தவறிட்டாங்களாம். ஒரு வருஷமாவே ஒடம்புக்கு முடியாமத்தான இருந்தாங்க. வடலூர்ல வூட்டுல வெச்சிருக்காங்க" என்றார். நான் "சரி" என்று சொல்லிவிட்டு அப்டேட் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பிரிவு நண்பர்களே, ஒன்பது வருடம் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்பதால் இந்த அஞ்சலியை என்னை எழுதச் சொன்னீர்கள். பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

முன்பு நாம் பட்ட பாடு உங்களுக்கு மறந்திருக்காது. சுரங்கத்தின் முப்பரிமாண வரைபடங்களுக்காக லினக்ஸ் கணினிகளில் பெரிய கிராஃபிக்ஸ் கார்டுகளைப் போட்டார்கள். லினக்ஸின் உட்கருவான கர்னல் அப்டேட்டில் மாறும்போதெல்லாம் கார்டை இயக்கும் டிரைவர் அதோடு ஒத்துப்போகாது; திரை கறுத்துவிடும். ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து டிரைவரை நீக்கி மறுபடி நிறுவ வேண்டும். அதற்குள் ஷிஃப்ட் ஆட்கள் வரைபடம் எங்கே என்று கத்துவார்கள். கான்ட்ராக்டில் இருந்த மல்லிகாதான் ஒரு மாதம் மல்லுக்கட்டி, டிரைவரையும் அதன் அமைப்புகளையும் ஒரே கட்டளையில் நிறுவிவிடும் பேக்கேஜாகச் செய்தார். கர்னல் மாறினால் டிரைவரை அதுவே புதிதாகத் தயார் செய்துகொள்ளும். முதல் கணினியில் வரைபடம் சுழன்றபோது, "இனிமே சும்மா சும்மா கூப்பிட்டுகினு இருக்காதீங்க சார், ஒரு வாய் சோறாவது நிம்மதியா துன்னறேன்" என்று சிரித்தார்.

ஒவ்வொரு பேக்கேஜிலும் பராமரிப்பவர் யார் என்று ஒரு வரி உண்டு. அதில் அவர் தன் பெயரை எழுதியிருந்தார். "கான்ட்ராக்ட் ஆள் பேர் இருந்தா மேல கேள்வி வரும்மா. என் பேரைப் போட்டுடுங்க" என்றேன். அப்படி யாரும் கேள்வி கேட்டதே இல்லை. நானாகக் கிளப்பிக்கொண்ட பயம் அது. அதில் எனக்கு ஆதாயமும் இருந்தது.

"அது பெருமைக்குப் போடற பேரு இல்லீங்க சார். ரிப்பேர்னா யாரைக் கூப்பிடறதுன்னு போடறது. நீங்க வந்து பாப்பீங்களா?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். மாற்றியும் கொடுத்தார். அதற்குப் பிறகு ரிப்பேர் என்றால் எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள், நான் அவரைக் கூப்பிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருவரைப் பெர்மனென்ட் ஆக்க நேர்காணல் நடந்தது. பிரிவின் சார்பில் நானும் அறையில் இருந்தேன். நீங்களாகவே செய்த வேலை எது என்று கேட்டார்கள். மல்லிகா அந்தப் பேக்கேஜைச் சொன்னார். அதிகாரி தன் மடிக்கணினியில் திறந்து பார்த்துவிட்டு, "இதுல உங்க பேரே இல்லையேம்மா?" என்றார். மல்லிகா என்னைப் பார்த்தார். அதிகாரியும் என்னைப் பார்த்தார். வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் வாயைத் திறந்து, "உதவி பண்ணாங்க சார்" என்றேன்.

வேலை வேறொருவருக்குப் போனது. மறுநாள் மல்லிகா வழக்கம்போல் வந்தார். "ஏழாம் நம்பருக்குப் புது கார்டு வந்துருக்குதாம், போட்டுட்டு வரேங்க" என்று எழுந்து போனார். என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சே, என்ன மனுஷன் நான்!

வடலூரில் அவர் வீட்டு வாசலில் அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்களிடம், "இவருதான் அந்த சாரு. பெர்மனென்ட் இன்டர்வியூல இவளுக்காக எம்மாம் நேரம் பேசினாராம். கெடைக்கலன்னாலும் சார் என்னை வுட்டுக்குடுக்கலன்னு சொல்லிகினே இருப்பா" என்றார். கையை விடவே இல்லை. நான் தலையாட்டினேன். அந்த இடத்திலும் ஆட்டிவிட்டேன்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் தன் வீட்டில் மல்லிகா சொல்லிவைத்த அந்தப் பொய்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. அதை வைத்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. இதன் ஒரு பிரதியை அவர் கணவருக்கும் அனுப்புகிறேன். ஐயா, அந்தப் பேக்கேஜ் முழுக்க முழுக்க உங்கள் மனைவி செய்தது. அன்று அந்த அறையில் நான் அவருக்காகப் பேசவில்லை.