அண்ணன் வீட்டு ஷட்டர்

அந்தச் சத்தம் கேட்டபோது, பர்கூரிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த நான் மாடியில் அண்ணியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இரும்புத் தகட்டில் சம்மட்டி விழுந்ததுபோல முதலில் ஒரு அடி. அடுத்த நொடியே, எதுவோ முழு பாரத்தோடு தரையில் வந்து மோதிய சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து நின்றன. மூக்கண்டப்பள்ளியில் இரும்புச் சத்தம் யாருக்கும் புதிதில்லை. தெருவுக்கு ஒரு பட்டறை இருக்கிற ஊர். ஆனால் இது எங்கள் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. இரண்டு பேரும் படியிறங்கி ஓடினோம். கார் நிறுத்தும் இடத்துக்கு வெளியே அண்ணன் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றிருந்தான். அவன் முன்னால் ஷட்டர் தரையோடு தரையாக இறங்கிக் கிடந்தது.

"ஸ்பிரிங் போச்சி. நல்லவேளை, கை தப்பிச்சிது" என்றான்.

கை தப்பியதே அன்றைக்கு எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அண்ணி அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஷட்டர் என்றால் அதுவரை எங்களுக்குத் தகடும் பூட்டும்தான். அதற்கு மேலே, பெட்டிக்குள் மறைந்திருக்கும் குழாயில் ஒரு ஸ்பிரிங் சுருண்டு கிடக்கிறது, நாம் தூக்குவதாக நினைக்கும் பாரத்தையெல்லாம் உண்மையில் அதுதான் தூக்குகிறது என்பது, அது அறுந்த பிறகுதான் தெரிந்தது. அண்ணன் குனிந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். நானும் அண்ணியும் சேர்ந்து கை கொடுத்தோம். உள்ளங்கை அகலத்துக்கு மேல் அது எழும்பவில்லை.

கார் உள்ளே இருந்தது. அந்தக் காரை அண்ணன் வாங்கியதே அப்பாவுக்காகத்தான். குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தே வயதைக் கழித்தவர் அவர். அம்மா போன பிறகு, வரமாட்டேன் என்றவரை அண்ணன் ஓசூருக்கு அழைத்து வந்து, கார் நிற்கும் இடத்தை ஒட்டிய கீழ் அறையில் தங்கவைத்தான். அப்பாவுக்குக் காரில் போவதைவிட நிற்கிற காரில் உட்காருவது பிடிக்கும். காலையில் அண்ணன் கம்பெனி பஸ் ஏறிப் போனதும், ஷட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். கீரைக்காரம்மாவோடு தெலுங்கில் பேரம் பேசுவதும் அங்கிருந்தபடியேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் அவரை ஒரு சுற்று அழைத்துப் போவான். சூளகிரி வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்களாம். அண்ணன் சொல்லியிருக்கிறான்.

அன்று மாலையே அண்ணன் ஷட்டர் வேலை செய்பவருக்குப் போன் போட்டான். அவர் அத்திப்பள்ளிக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுபவர். "இவத்து ஆகல்லண்ணா, நாளைக்கு காலையில பர்த்தினி, பக்கா" என்றார். இன்றைக்கு முடியாது என்றதில் அண்ணனுக்கு மனசில்லை. வேறு யாரையாவது பிடிக்கலாமா என்று போனைத் தடவிக்கொண்டே நின்றான். அறை வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்த அப்பாதான் அவனைத் தடுத்தார்.

"விட்றா. காலையில வரன்னு சொல்றானில்ல. காரு எங்க ஓடிப் போவப் போவுது? ராவுல நாம எங்க போப்போறோம்?"

அந்த வார்த்தையை அண்ணன் பிறகு ஒருபோதும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் பிழைத்திருப்பான்.

மறுநாள் விடிந்து, முதல் ஷிப்ட் பஸ்கள் போய் முடிந்திருந்தன. நான் அப்பாவுக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. "பாப்பா, இங்க கல்லு வெச்ச மாதிரி கீது" என்று நெஞ்சைக் காட்டினார். நான் கத்தினேன். அண்ணன் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தான். அப்பாவைப் பார்த்ததும் அவன் கை தானாகக் கார் சாவியைத் தேடியது. சாவியை எடுத்துக்கொண்டு அறையின் உள்கதவு வழியாக ஓடி, காரில் ஏறி ஸ்டார்ட் செய்தும் விட்டான். அதற்குப் பிறகுதான் எதிரே மூடிக் கிடந்த ஷட்டர் அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் இறங்கவில்லை. அண்ணி போய்க் கதவைத் திறந்து உலுக்கியபோதுதான் இறங்கினான்.

ஆம்புலன்ஸுக்கு நான் போன் செய்தேன். வருகிறோம் என்றார்கள், நெடுஞ்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்து வண்டிகள் நகரவில்லை என்றும் சொன்னார்கள். தெருவிலிருந்த ஆட்டோக்கள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தன. எதிர் லைன் வீட்டில், நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்த ஒரிசாக்காரப் பையன்கள் எழுந்து ஓடி வந்தார்கள். பாஷை தேவைப்படவில்லை. எல்லோருமாக ஷட்டரைப் பிடித்துத் தூக்கினார்கள். அது இடுப்பு வரை வந்தது. யாரோ ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தார்கள். இன்னும் ஒரு மூச்சு தூக்கியிருந்தால் கார் வெளியே வந்திருக்கும். குழாய் வழுக்கியது. எல்லோரும் துள்ளி விலக, ஷட்டர் மறுபடியும் தரையில் விழுந்தது. இந்த முறை ஒரு பக்கம், தகடு ஓடும் பள்ளத்தை விட்டு வெளியே வந்து கோணிக்கொண்டது. இனி யாராலும் அதை அசைக்க முடியாது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அதற்குள் அண்ணியும் நானும் அப்பாவை வாசலுக்குக் கொண்டுவந்து சேரில் உட்கார வைத்திருந்தோம். இதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். அண்ணன் தனியாக அந்த ஷட்டரைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். அப்பா மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "அவன வரச் சொல்லு பாப்பா. கால ஒடச்சிக்கப் போறான்" என்றார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

தண்ணீர் கேன் போடும் வண்டி அந்த நேரத்துக்குத் தெருவில் நுழைந்தது. டிரைவர் எதுவும் கேட்கவில்லை. கேன்களை இறக்கித் தெருவிலேயே வைத்துவிட்டு அப்பாவை ஏற்றிக்கொண்டார். ஈரத் தகட்டின் மேல் அண்ணன் உட்கார்ந்து, அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். வண்டி பாலத்தைத் தாண்டும்போது அப்பாவின் கை அண்ணனின் முழங்காலிலிருந்து நழுவியது. அண்ணன் அதை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டான். கூடவே ஏறியிருந்த நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமே" என்றார். அதில் குற்றம் சொல்லும் தொனிகூட இல்லை. வருத்தத்தில் யாரும் சொல்லக்கூடிய வார்த்தைதான். அண்ணன் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டான்.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் கிடத்தியிருந்தோம். ஷாமியானா போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது, பேசி வைத்தபடியே, அத்திப்பள்ளிக்காரர் வந்து சேர்ந்தார். பைக்கின் பின்னால் புது ஸ்பிரிங் கட்டியிருந்தது. கூட்டத்தைப் பார்த்து தூரத்திலேயே வண்டியை நிறுத்தினார். பிறகு கோணிக் கிடந்த ஷட்டரைப் பார்த்தார். அதற்கு முன்னால் கிடந்த அப்பாவையும் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். பிறகு பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு அண்ணன் ஷட்டரைத் தொட யாரையும் விடவில்லை. காரியம் முடிந்ததும் அண்ணி ஒருமுறை பேச்செடுத்தாள். "அது அப்பிடியே கெடக்கட்டும்" என்றான். கார் உள்ளேயே நின்றது. டயர்களில் காற்று இறங்கியது. அண்ணன் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தான். வேலையில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருந்தவன், மெஷினில் அளவைத் தப்பாகப் போடத் தொடங்கினான். ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கேயும் எதையாவது தூக்கச் சொன்னால் கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடுவானாம். கூட வேலை செய்தவர் அண்ணியிடம் வந்து சொன்னார். கடைசியில் அவனே எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அண்ணி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அண்ணனின் பஸ் நேரம் எங்களுக்கு மனப்பாடமாக இருந்த காலம் போய், அந்த வீட்டில் சமையல், தூக்கம் எல்லாம் அண்ணியின் ஷிப்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன.

நான் பர்கூரில் இருக்கிறேன். அங்கே எனக்குத் தெரிந்த வயதான இதய டாக்டர் ஒருவரிடம் அப்பாவின் காகிதங்களைக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "ரொம்ப பெரிய அட்டாக்குமா. ஆஸ்பத்திரி வாசல்லயே வந்திருந்தாலும் கஷ்டந்தான்" என்றார். ஏதோ மருந்து கிடைத்த மாதிரி அன்றைக்கே பஸ் ஏறி ஓசூருக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். "சரி பாப்பா" என்றான். அடுத்த முறையும் சொன்னேன்; அதற்கடுத்த முறையும். ஒவ்வொரு முறையும் அதே "சரி பாப்பா." ஆறுதல் சொல்ல வந்தவளை நோகடிக்கக் கூடாது என்று அவன் எனக்கு ஆறுதல் சொல்வதாகவே பட்டது. நான் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

போன மாதம் அண்ணி போன் செய்தாள். காருக்குள் எலி செத்துக் கிடக்கிறது, நாற்றம் தாங்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள், இனி இவரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்றாள். நான் போனேன். சிப்காட் பக்கத்திலிருந்து இரண்டு பேரை அவளே வரச் சொல்லியிருந்தாள். அண்ணன் தடுக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தாடி வெளுத்திருந்தது. அவர்கள் தகடுகளை நேராக்கி, பள்ளத்தில் ஏற்றி, மேலே பெட்டியைத் திறந்து துருப்பிடித்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டார்கள். புதியதை மாட்டி முறுக்கினார்கள். நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் வேலை முடிந்திருந்தது.

"அண்ணே, நீங்களே தூக்கிப் பாருங்க" என்றார் வந்தவரில் ஒருவர். அவருக்கு எதுவும் தெரியாது.

அண்ணி என்னைப் பார்த்தாள். அண்ணன் எழுந்து வந்தான். கால்களை அகட்டி ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். ஷட்டர் சரசரவென்று ஓடி மேலே போய் முட்டி நின்றது. இழுத்த வேகத்தில் அவன் தடுமாறி விழப் பார்த்தான்.

"அவ்ளோ வேணாம்ணே. ஒரு கை போதும்."

அண்ணன் அதை மெல்ல இறக்கினான். பிறகு ஒரு கையால் தூக்கினான். போனது. மறுபடி இறக்கி, இரண்டு விரல்களால் தூக்கினான். அதற்கும் போனது.

"இவ்ளோதானா பாப்பா?" என்று என்னிடம் கேட்டான்.

வந்தவர்கள் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவன் ஷட்டரை இறக்குவதும் ஏற்றுவதுமாக நின்றுகொண்டேயிருந்தான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணி போய் அவன் தோளைத் தொட்டு, "போதும், வாங்க" என்றாள். அவன் காதில் விழவில்லை.