ஜோன் அரசரின் மரண அறிவித்தல்

இங்கிலாந்தின் ஹவுன்ஸ்லோவில் குடியுரிமைப் பரீட்சைக்குக் காத்திருந்தபோதுதான் அவரைச் சந்தித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தேன். இந்த முறையும் தோற்றால் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது என்ற பயத்தில், பரீட்சைக்கு வரும் இங்கிலாந்து அரசர்களின் பக்கங்களையே புரட்டிக்கொண்டிருந்தேன். அவரும் பரீட்சை எழுதத்தான், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்திருந்தார். தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவராம். எதைச் சொல்வதற்கு முன்னும் தொண்டையைச் செருமினார்.

“இந்த ராசாக்கள் என்ரை மண்டையில நிக்கினமில்லை அண்ணை.”

“அறிவித்தலாப் படியுங்கோ தங்கச்சி,” என்று செருமினார். “ஒக்ஸ்போர்ட்டைப் பிறப்பிடமாகவும் இங்கிலாந்தை வதிவிடமாகவும் கொண்ட ஜோன் அரசர் காலமானார். அன்னார் இரண்டாம் ஹென்றியின் பாசமிகு மகனும், ரிச்சர்ட்டின் அன்புச் சகோதரனும், மாக்னா கார்ட்டா உரிமைச் சாசனத்துக்கு முத்திரை குத்தியவரும் ஆவார்.”

ஒரு சொல்லும் விளங்காத பக்கத்து இருக்கை வெள்ளைக்காரி எழுந்து நின்று தலை குனிந்தாள்.

உள்ளே கணினித் திரையில் ஜோனைப் பற்றித்தான் கேள்வி வந்தது. அந்தக் குரல் காதுக்குள் விடை சொன்னது. நான் தேறிவிட்டேன்.

அவர் தேறவில்லை.

“முழு அறிவித்தலையும் மனசுக்குள்ள வாசிச்சு முடிக்க நேரம் காணேல்லை. ஜோனுக்கு மட்டும் ஐஞ்சு பிள்ளையள், பிறகு மருமக்கள், பேரப்பிள்ளையள்...”

“விடையை மட்டும் அமத்தியிருக்கலாமே அண்ணை?”

“ஒரு பேர் விடுபட்டாலும் சொந்தக்காரர் கோவிப்பினம். வானொலியில நான் பட்டதே போதும்.”

எண்ணூறு வருடங்களுக்கு முன் செத்தவரின் வீட்டிலிருந்து யார் போன் எடுத்து ஏசப்போகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் இலேசாகப் பயம் வந்துவிட்டது.