பவுடர் போட்டிருக்கியளா?

மார்பக எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி. வருகிற ஒவ்வொருத்தியிடமும், "அக்கா, பவுடர் போட்டிருக்கியளா?" என்று கேட்கணும். எல்லாரும் இல்லை என்பார்கள். கேட்டுக் கேட்டு வாய் அலுத்துப்போச்சு. ஆஸ்பத்திரிக்குக் குளித்து, பவுடர் அப்பிக்கொண்டு வருவதுதான் எங்கள் ஊர் மரியாதை. அதை நானா மாற்ற முடியும்?

அன்று மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கப் போகையில் ஒரு அக்கா வந்தாள். மணவாளக்குறிச்சிப் பக்கம் மீன் விற்கிறவள். "திருவந்தரம் போகச் சொல்லிராத மக்கா," என்றாள். எங்கள் பக்கத்தில் திருவந்தரம் என்றால் திருவனந்தபுரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரிதான். அவள் தங்கச்சி அங்கே போயும் பிழைக்கவில்லை.

பவுடர் கேட்டேன். இல்லை என்றாள். மெஷினில் வைத்து அழுத்தியதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். இது புது மெஷின். அதன் தலை வளைந்து நகர்ந்து பல கோணத்தில் படம் எடுக்கும். கம்ப்யூட்டர் அதை அப்பளக்கட்டைப் பிரிப்பதுபோல அடுக்கடுக்காகக் காட்டும்.

திரையில் பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளிகள். புற்றுநோய்க்கும் இப்படித் தெரியும். மேல் அடுக்கைப் பார்த்தேன். எல்லாம் தோலின்மேலேயே இருந்தன, பவுடர்தான். கோபம் வந்துவிட்டது.

"போட்டா போட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

தலையைக் குனிந்துகொண்டாள். "மீன் நாத்தம் அடிச்சா நீ முகம் சுளிப்பியேன்னுதான் மக்கா."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நனைத்த பஞ்சால் நானே துடைத்துவிட்டேன். மறுபடி அழுத்தும்போது வலிக்குதா என்றேன். "நீ எடு," என்றாள்.

இந்தத் தடவை புள்ளி ஒன்றுகூட இல்லை. ஆனால் நடு அடுக்குகளில் ஒரு சின்ன நிழல், ஓரமெல்லாம் இழை இழையாக. பழைய மெஷினாக இருந்தால் சதையோடு சதையாக மறைந்துபோயிருக்கும். சீக்கிரமே தெரிந்தது நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. படத்தைப் பற்றி நான் வாய் திறக்கவும் கூடாது, டாக்டர்தான் சொல்லணும்.

"பவுடர் போயிட்டுல்லா மக்கா?" ஜாக்கெட் கொக்கியை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"போயிட்டுக்கா."

அவள் முகம் தெளிந்தது. "அப்போ நான் பஸ்ஸப் பிடிக்கேன். சாயங்காலச் சந்தைக்குப் போணும்."

"இல்லக்கா. டாக்டரப் பாத்துட்டுப் போங்க."

எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான். அன்று குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கொக்கி மாட்டிய கை பாதியில் நின்றது.

"திருவந்தரமா மக்கா?" என்று மட்டும் கேட்டாள்.