உள்விளக்கு இல்லாத கார்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கித் தினமும் ஓட்ட நினைக்கிறவர் முதலில் இயந்திரத்தின் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். நாம் போய்ச் சேரும்போதே அது சூடாக இருந்தால், குளிரில் அது எப்படிக் கிளம்பும் என்பதை விற்பவர் நம்மிடமிருந்து மறைக்கிறார் என்று கொள்ளலாம். இதை நான் ஒரு கையேட்டில் படித்து, கோடிட்டும் வைத்திருந்தேன். வாழ்க்கையில் நான் கோடிடாமல் படித்தது குறைவு.

சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருந்த ஹாஜியாரின் கொட்டகையில் அந்தக் கார் நின்றது. இரண்டு கதவு, இரண்டு இருக்கை, மடக்கக்கூடிய கன்வஸ் கூரை. இலக்கத் தகட்டின் நடுவில் ஸ்ரீ எழுத்துள்ள பழைய பதிவு. சிவப்பாக இருந்ததாம், உமித் தூசியின் கீழே அதை நம்ப வேண்டியிருந்தது. ஏழெட்டுப் பேர் உள்ள குடும்பங்கள் வாழும் எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் இரண்டு பேருக்கு ஒரு கார் யாருக்குத் தேவை? அதனால்தான் அதன் விலை என் கைக்கு எட்டியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது, போர்க்காலம். கல்முனையிலிருந்து அம்பாறைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்த பிரதம இலிகிதர் நான், தலைமைக் கிளாக்கர். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பஸ் நிற்கும். இறங்கி, வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏற வேண்டும். அலுவலக வருகைப் புத்தகத்தில் எட்டரைக்குச் சிவப்புக் கோடு விழுந்துவிடும். கோட்டுக்குக் கீழே கையெழுத்திட்டதற்கு விளக்கம் கேட்டு எனக்கு இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் இடமாற்றம், அதுவும் தொலைவில், மகாஓயாப் பக்கம். வீட்டில் மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும். அந்த வருடங்களில் அவர்களைத் தனியே விட்டு வாரக்கணக்கில் வெளியூரில் கிடக்க முடியாது. விளக்கம் கேட்கும் அந்தக் கடிதத்தின் மாதிரியை அலுவலகத்துக்குத் தயாரித்துக் கொடுத்தவனும் நான்தான் என்பதை இங்கே குறிப்பிடத்தான் வேண்டும்.

காரைப் பார்க்க நான் கூட்டிப் போனது காரைதீவில் ட்றக்டர் திருத்தும் ஒருவரை. எங்கள் வயல் ட்றக்டரைப் பதினைந்து வருடமாகப் பார்த்தவர், என்னிலும் பத்து வயது மூத்தவர். அவர் தமிழர், நான் முஸ்லிம். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பக்கம் நெடுக நகர்த்தினேன். இரண்டு இடத்தில் அது ஒட்டாமல் நழுவியது. அங்கே இரும்புக்குப் பதில் புட்டி பூசியிருந்தார்கள். கால்வைக்கும் விரிப்பைத் தூக்கித் தகட்டைக் குத்திப் பார்த்தேன். சேஸி இலக்கத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டேன். இயந்திர இலக்கத்துக்கும் அப்படியே. எண்ணெய் மூடியின் அடியில் பால்போல ஏதாவது படிந்திருக்கிறதா என்று பார்த்தேன். அப்படி இருந்தால் இயந்திரத்துக்குள் தண்ணீர் இறங்குகிறது. இருக்கவில்லை.

"என்ன கிளாக்கர், பொண்ணு பாக்க வந்தாக்களும் இவ்வளவு கிண்ட மாட்டாங்களே," என்றார் ஹாஜியார்.

"பொண்ணுக்கு ரெஜிஸ்டர் புத்தகம் இல்லத்தானே ஹாஜியார்," என்றார் அண்ணன், காருக்கடியில் படுத்தபடியே.

கார் இரண்டாவது முயற்சியில் கிளம்பியது. புகை இல்லை. பிறேக் சற்று இடப்பக்கம் இழுத்தது, அதை அண்ணன் ஒரு மணி நேரத்தில் சரிசெய்தார். எனக்குத் திருப்தி இல்லை. தினமும் ஓடப்போகிற காரை, தினமும் ஓடப்போகிற வீதியில், தினமும் ஓடப்போகிற நேரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கையேடு சொன்னது.

"ஒருக்கா அம்பாறைக்குக் கொண்டுபோய்ப் பாப்பம் அண்ணன். நாளைக்கு விடியப்பறம். நீங்களும் வாங்க."

அண்ணன் கையைத் துடைத்தார். "அந்த றோட்டு முழுக்க ஆமிட சாவடி. அதால நான் வாறல்ல எண்டு ஒங்களுக்குத் தெரியும்தானே தம்பி?"

"எஞ்சின் சூடேறினாப் பிறகு என்ன சத்தம் வருது எண்டு எனக்கு விளங்குமா? நான் இருக்கன்தானே."

"நீங்க இரிக்கிறீங்க. ஓம், வாறன்."

அடுத்த நாள் மாரி மழை. காரைதீவுச் சந்தியில் அண்ணனை ஏற்றும்போது ஐந்தரை மணிதான், வானம் இன்னும் விடியவில்லை. கன்வஸ் கூரையை இழுத்து மூடியிருந்தேன். அண்ணன் சுத்தமான சேர்ட் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். சம்மாந்துறையைத் தாண்டி வயல்வெளிக்குள் இறங்கியதும் கார் அழகாக ஓடியது. அண்ணன் கண்ணை மூடி இயந்திரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல எஞ்சின் தம்பி. ஏமாத்தாது," என்றார்.

பிறகு வீதியின் குறுக்கே தகரப் பீப்பாக்களும் முள்ளுக்கம்பியும் தெரிந்தன.

இருட்டில் சாவடிக்கு வருகிற வாகனம் முன்விளக்கை அணைத்து உள்விளக்கைப் போட வேண்டும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று காவலிலிருப்பவன் பார்ப்பதற்காக. கரையோரத்தில் சாரதிகள் எல்லோருக்கும் இது தெரியும். நான் முன்விளக்கை அணைத்தேன். காருக்குள் கும்மிருட்டு.

"உள் லைட்டப் போடுங்க தம்பி."

"சுவிச் எங்க?"

இருவரும் கையால் தடவினோம். சுவிச் இல்லை. விளக்கே இல்லை. கூரையை மடக்கி ஓட்டுகிற காரில் கூரை விளக்கை எங்கே பொருத்துவான்? நானோ பஸ்ஸில் போகிறவன், அங்கே விளக்கைப் போடுவது கொண்டக்டர். அண்ணனோ ட்றக்டர்காரர், ட்றக்டருக்கு உள் என்று ஒன்று கிடையாது. சேஸி இலக்கத்தைப் பென்சிலால் தேய்த்த நான் இதைப் பார்க்கவில்லை.

விசில் ஒன்று கேட்டது. மணல் மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கி ஒன்றைச் சுடுவதற்கு இழுத்துப் பூட்டும் சத்தமும் கேட்டது.

"கூரையத் திறந்து காட்டுவம்," என்று கொக்கியை இழுத்தேன். என் பக்கத்துக் கொக்கி கழன்றது. அண்ணன் பக்கத்தது துருவில் இறுகிக் கிடந்தது. அவர் பழக்கத்தில் சேர்ட் பைக்குள் திருகாணிச் சாவிக்காகக் கையை விட்டார். வெளியே யாரோ கத்தினார்கள்.

"அண்ணன், கைய எடுங்க! அண்ணன்!"

அவர் இரண்டு கையையும் முன்னால் பலகையில் வைத்தார். கையை உயர்த்திக்கொண்டு மழையில் இறங்கினோம். ஒரு சிப்பாய் கூரையைப் பிடுங்கி மடக்கினான். இருக்கைகள் நனைந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

என் அடையாள அட்டையும் அலுவலக அட்டையும் ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தன. அண்ணனின் அடையாள அட்டை வருடக்கணக்காக அவர் காற்சட்டைப் பையில் கிடந்து கிறீஸ் ஊறியிருந்தது. படத்தில் ஒரு காதும் தலைமயிரும் மட்டும் தெரிந்தன. அவரை ஓரமாகக் குந்த வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்தது. விடிந்தது. பஸ் ஒன்று வந்து, ஆட்களை இறக்கி ஏற்றிப் போனது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகும் பார்த்தேன்.

ஏழரை தாண்டியதும் புத்தகத்தோடு ஒரு மூத்த சிப்பாய் வந்தார். நடு வயது, களைத்த முகம். நான் அண்ணன் என்று கத்தியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும், அந்தச் சொல்லின் பொருளும் தெரிந்திருக்க வேண்டும். குந்தியிருந்தவரைக் காட்டி என்னிடம் சிங்களத்தில் கேட்டார்: "ஒயாகே அய்யாத?" உங்கள் அண்ணனா?

நான் நிமிர்ந்து நின்று, நல்ல அலுவலகச் சிங்களத்தில் சொன்னேன்: "இல்லை ஐயா. உறவு எதுவும் இல்லை. மெக்கானிக் மட்டுந்தான்."

அவர் குனிந்து அதை எழுதிக்கொண்டார்.

அவர்கள் பாஷையிலும் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவன்கூட அண்ணன்தான். கடைக்காரன் அண்ணன், சாரதி அண்ணன். அந்த மனிதர் இரத்த உறவைக் கேட்கவில்லை. இவருக்கு நீ பொறுப்பா என்று கேட்டார். ஓம் என்ற ஒரு சொல் போதுமாக இருந்திருக்கும். நானோ அதை ஒரு படிவத்தின் 'உறவுமுறை' என்ற கட்டமாக எடுத்து, பிழையில்லாமல் நிரப்பிக் கொடுத்தேன்.

"அப்படியானால் நீங்கள் போகலாம்," என்றார். அட்டையைப் பார்க்க அதிகாரி ஒன்பது மணிக்கு வருவாராம். அதுவரை இவர் இங்கே இருக்க வேண்டுமாம்.

நான் அண்ணனிடம் போனேன். அவர் தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிந்தது. "நீங்க போங்க தம்பி," என்றார். "பிந்தினா மூண்டாவது கடிதம் வந்திரும்." அவர் குரல் போகச் சொல்லவில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது. அலுவலகத்துக்குப் போனால் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி வரலாம், இங்கே நிற்பதைவிட அதுதான் இவருக்கு உதவி என்று எனக்கு நானே ஒரு குறிப்பெழுதி, நானே அனுமதித்தேன்.

சாவியைத் திருப்பினேன். கார் முதல் முறையிலேயே கிளம்பியது.

எட்டு இருபதுக்குக் கையெழுத்திட்டேன், கோட்டுக்கு மேலே, நீல மையில். பத்து மணிவரை தலைவர் வரவில்லை. கடிதத்தைத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, சாவடிக்குத் திரும்பியபோது பதினொரு மணி. அண்ணன் அங்கே இல்லை. விட்டாயிற்று என்றார்கள். காரைதீவுக்கு ஓட்டினேன்.

அவர் பட்டறையில் ஒரு ட்றக்டருக்கடியில் கிடந்தார். அதே சேர்ட், இன்னும் காயாமல்.

"அண்ணன்."

"ஆ, வாங்க சேர்."

பதினைந்து வருடமாகத் தம்பி என்றவர் வாயிலிருந்து, அதிகாரிகளுக்குச் சொல்லும் அந்த 'சேர்' எனக்கு வந்ததில்லை.

"எப்ப விட்டாங்க?"

"ஒம்பதரைக்கு. பெரியவர் வந்து பாத்திட்டுப் போ எண்டார். தேத்தண்ணியும் தந்தாங்க."

"நான் கடிதம் எடுத்துக்கிட்டு வந்தன்."

"நல்லம். என்ட கை எண்ணெயாக் கிடக்கு. நீங்களே வச்சிக்கொள்ளுங்க."

அவர் ஒரு நட்டைக் கழற்றி முடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"கார எடுங்க சேர். நல்ல கார். நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டிட்டுதானே."

அன்று பின்னேரமே சாவியை ஹாஜியாரிடம் கொடுத்தேன். அவருக்கு நம்ப முடியவில்லை.

"என்னத்துல குறை? எஞ்சினா?"

"இல்ல."

"துருவா? காந்தம் எல்லாம் வச்சிப் பாத்தீங்களே."

"உள்ள லைட் இல்ல ஹாஜியார்."

"அட, அதுக்கு ஒரு பல்பு போட்டா முடிஞ்சிதே!"

மூன்றாவது கடிதம் அடுத்த மாதம் பஸ்ஸால் வந்தது, அதாவது பஸ் பிந்தியதால். முந்தைய இரண்டுக்கும் சாவடிகள், நேரங்கள், பஸ்ஸின் இலக்கம் எல்லாம் சேர்த்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். இந்த முறை தாளை எடுத்து, 'விளக்கம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மகாஓயாவில் இரண்டு வருடம் இருந்தேன். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவேன், காரைதீவுச் சந்தியில் பஸ் மாறி. பட்டறை சந்தியிலிருந்து நூறு அடிதான். அந்த நூறு அடியை நான் ஒருமுறையும் நடக்கவில்லை.