பள்ளி முற்றத்தில் இரண்டு நாள் நெல்

முனிரத்தினம் ஐயா போய்விட்டார் என்று காலை வழிபாட்டு மணி அடிக்கும் நேரத்தில் போன் வந்தது. அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. நம் பள்ளியில் படித்த உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

எளாவூர்ப் பக்கம் நம் பள்ளி நிற்பது அவர்கள் வீட்டு நெற்களத்தில். கூலிக்காரப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர இடம் கேட்டு வந்த வெள்ளைக்காரச் சாமியாருக்கு, ஐயாவின் அப்பா வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம் அது. நிபந்தனை ஒன்றுதான்: தை அறுவடையில் இரண்டு நாள் முற்றத்தில் நெல் அடித்துக்கொள்வார்கள். கொடுத்ததோடு நிற்காமல் தன் மகனையும் அந்தப் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார வைத்தார். அந்த மகன்தான் நம் ஐயா.

அறுவடை இயந்திரம் வந்த பிறகும் ஐயா விடவில்லை. வருஷா வருஷம் நாலு கட்டு நெல்லைக் கையால் அறுத்து, டிராக்டரில் கொண்டுவந்து முற்றத்துக் கருங்கல்லில் அடிப்பார். நான் தலைமையாசிரியையாக வந்த புதிதில், இடம் தன்னுடையது என்று காட்டத்தான் இதெல்லாம் என்று நினைத்து, கேட்டும்விட்டேன்.

"களம் எங்களுது, இஸ்கூலு ஒங்களுது. ரெண்டும் ஒரே எடத்துல இருந்துக்கினு போவட்டுமே டீச்சரம்மா, இன்னா இப்போ" என்று சிரித்தார்.

போன வருஷம் தையில் நான் ஒரு காரியம் செய்தேன். தூசியில் பிள்ளைகள் இருமுகிறார்கள், இனி வேண்டாமே என்றேன். "புள்ளைங்களுக்கு ஒத்துக்கலன்னா வேணாம்மா" என்று சொல்லி டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனார். கல்லைச் சுவரோரம் தள்ளச் சொல்லி, அதன் மேல் பூந்தொட்டி வைத்தேன். இந்தத் தையில் ஐயா வரவில்லை. முற்றம் சுத்தமாக இருந்தது. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தன்று அவர் மகன் பாஸ்கர் என்னைத் தனியாக அழைத்தார். "டீச்சர், அந்த எடத்துக்கு ஒங்ககிட்ட பேப்பரு இன்னா கீது?" என்றார்.

சுற்றியுள்ள நிலமெல்லாம் ஏற்கெனவே கிடங்காகவும் லாரி ஷெட்டாகவும் மாறிவிட்டது. எங்களிடம் பேப்பர் இல்லை. அந்த வாய்வார்த்தைக்குச் சாட்சியாக இருந்ததெல்லாம் வருஷத்துக்கு இரண்டு நாள் முற்றத்தில் விழும் வைக்கோல். அதையும் நானே நிறுத்தியிருந்தேன்.

அவரிடம், வரும் தையில் அப்பாவைப் போல நாலு கட்டு நெல் கொண்டுவந்து அடிக்கும்படி கேட்டுக்கொண்டேன். பாக்கலாம் டீச்சர் என்றார். அந்த 'பாக்கலாம்' என்ற சொல்லைத்தான் அன்றிலிருந்து மனதில் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐயாவிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தக் கருங்கல். நேற்று தொட்டிகளை இறக்கிவிட்டு, அதைப் பழைய இடத்துக்கே உருட்டிவரச் செய்தேன். தை பிறக்க இன்னும் நாலு மாதம் இருக்கிறது.