தெஹியோவிட்டயில் கிரிப்டோவுக்கு வந்த மவுசு

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் கிரிப்டோ என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதற்கு விளம்பரம் போடுகிற எனக்கே அரைகுறைதான். ஆனாலும் இலங்கையிலேயே கிரிப்டோ மேல் பைத்தியமாக இருக்கும் ஊர் எங்கள் தெஹியோவிட்டதான் என்று ஒருநாள் என் கணினி சொன்னது. சுற்றிவர றப்பர் மரம். பைத்தியம் யாருக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

கொழும்பில் நான் வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்திருந்த நேரம், வெளிநாட்டுக் கம்பனி ஒன்று ஒரு மாதச் சோதனைக்கு என்னை எடுத்தது. கிரிப்டோவைத் தமிழில் கற்றுக்கொடுக்கும் இணைய வகுப்பு அவர்களுடையது. யாராவது அதைப் பற்றித் தேடினால் எங்கள் விளம்பரம் மேலே வரும். அழுத்துகிற ஒவ்வொரு முறையும் கம்பனிக்குச் செலவு, அழுத்தியவர் வகுப்பில் சேர்ந்தால்தான் வரவு. சேருகிறவர்கள் கூடினால் எனக்கு வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மறுபடி கொழும்பு, மறுபடி போர்டிங் சோறு. அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு நான் மட்டும்தான் என்பதால் போக மனமே இல்லை.

உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். ‘இலவசம்’, ‘இரட்டிப்பு’ என்று தேடுகிறவர்களுக்கு விளம்பரம் போகாமல் தடுத்தேன், அவர்கள் படிக்க வருகிறவர்கள் இல்லை. வரிகளை மாற்றி மாற்றி எழுதினேன். இந்த விஷயத்தில் ஆர்வமுள்ளவர்கள் சாயங்காலம்தான் தேடுகிறார்கள் என்றும் கண்டுபிடித்தேன். ஆனால் சாயங்காலத்துக்குப் பணமே மிஞ்சுவதில்லை. நாள் முழுவதற்கும் ஒதுக்கியது காலைச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்துவிடும். சேர்ந்தவர் ஒருவரும் இல்லை.

“நல்லாத்தான் அமத்துறாங்க, ஆனா ஒருத்தரும் சேரல்லையே,” என்றார் கொழும்பிலிருந்து என்னைக் கண்காணித்த மேலாளர். போட்டிக் கம்பனி வேண்டுமென்றே அழுத்துகிறது என்று அவரிடம் அடித்துச் சொன்னேன். பிறகுதான் அழுத்துகிறவர்கள் எந்த ஊர் என்று பார்த்தேன். தெஹியோவிட்ட.

அம்மா குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் மறைக்கவே இல்லை.

“ஆள் அமுத்தினாத்தான் வேலன்னு நீதானே சொன்ன? பெரட்டுல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சேன். பாவம், ஒருத்தரும் முடியாதுன்னு சொல்லல.”

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக் களத்தில், றப்பர் பால் வெட்டப் போவதற்கு முன்னால், பெண்கள் வரிசையாகப் போனை எடுத்து, கிரிப்டோ என்று தேடி, என் விளம்பரத்தை அழுத்தியிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் அது வழக்கம்தான். உடம்பு முடியாத ஒருத்தியின் வாளியில் பால் குறைந்தால், அவளுக்கு அரைப் பேர் விழுந்து பாதிச் சம்பளம் போய்விடக்கூடாது என்று மற்றவர்கள் தங்கள் வாளியிலிருந்து கொஞ்சம் ஊற்றுவார்கள். என் வாளியிலும் அப்படித்தான் ஊற்றியிருக்கிறார்கள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

“அம்மா, சேராத ஆள் அமுத்தினா நட்டம்மா. என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்க.”

“கடையில கூட்டமா நின்னாத்தானே இன்னும் நாலு பேரு வருவாங்க?” என்றார் அம்மா.

மூன்று விதமாக விளக்கிவிட்டு, தெஹியோவிட்டப் பக்கம் விளம்பரமே தெரியாதபடி நிறுத்தினேன். ஒரு நாள் நிம்மதி. அடுத்த நாள் கொடகவெலயிலிருந்து அழுத்தத் தொடங்கினார்கள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் என் சித்தி இருக்கிறார்.

“இங்கதான் வரலையே, அதான் அவளுக்கு போன் போட்டேன்,” என்றார் அம்மா. என் விளக்கத்தில், இங்கே அழுத்தினால் நட்டம் என்பது மட்டும்தான் அவர் காதில் ஏறியிருந்தது. நான் கத்தினேன். அம்மாவும் கத்தினார்.

இந்த இரண்டு ஊரும் இருக்கிற கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களையே நீக்கினேன். நல்ல வேளை, வேறெங்கும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. சாயங்காலத்துக்குப் பணம் மிஞ்சியது. ஒருவர், இருவர் என்று சேரத் தொடங்கினார்கள். மாதக் கடைசியில் மேலாளர் வேலை உறுதி என்று சொல்லிவிட்டு, என்ன மாற்றம் செய்தாய் என்று கேட்டார். எங்கள் ஊரை எடுத்துவிட்டேன் என்றேன். கெட்டிக்காரி என்றார்.

அன்று மத்தியானம், லயத்தின் கடைசிக் காம்பிராவில் குடியிருக்கும் அக்கா வாசலில் வந்து நின்றார். முழங்கால் வலிக்காரர். கூரையில் அன்டெனா கட்டிய எங்கள் வீட்டை விட்டால், லயத்தில் சிக்னல் சரியாகக் கிடைப்பது மேட்டில் உள்ள தண்ணீர்த் தொட்டியடியில் மட்டும்தான். அங்கேயிருந்துதான் இறங்கி வந்திருந்தார், மூச்சு வாங்கியது.

“கொஞ்ச நாளா ஒன் விளம்பரத்தக் காணலையே பிள்ள. மேல ஏறியும் தேடிப் பாத்துட்டேன். வேலைய நிப்பாட்டிட்டாங்களா?”

“இல்லக்கா. வேல கெடச்சிருச்சு. இனிமே வீட்டுலதான்.”

அக்கா வாசலிலேயே உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் லயத்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏய், பிள்ளைக்கு வேல கெடச்சிருச்சாம். நாங்க அமுத்தினது வீண் போகல.”