என் கதைகளைக் கேட்டவள்

2004 ஜூன் மாதம் சிதம்பரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை கிடைத்தது. வீடு கடலூர் முதுநகரில். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவேன். மீட்டர்கேஜ் ஓடிய காலம். ஒன்றேகால் மணி நேரப் பயணம். எதிர்வண்டிக்காக நின்றால் இன்னும் நேரமாகும். மற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தத் தாமதம் பிடிக்கும். மடியில் பையை வைத்து, பையின் மேல் நோட்டை வைத்துக் கதை எழுதிக்கொண்டிருப்பேன்.

எழுதுகிறேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பத்திரிகைகளுக்கு அனுப்பிய மூன்று கதைகளும் போன இடம் தெரியவில்லை.

ஆலப்பாக்கத்தில் ஒரு அக்கா ஏறுவாள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. பெரும்பாலும் என் எதிரில்தான் உட்காருவாள். ஒருநாள், தினமும் என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். தபாலில் படிக்கிறேன், பாடம் எழுதுகிறேன் என்று பொய் சொன்னேன். அவள் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"பாடத்துல யாரு அழுவுறா?" என்றாள்.

மாட்டிக்கொண்டேன். ஓடுகிற வண்டியில் படித்தால் அவளுக்குத் தலை சுற்றும். அதனால் என்னையே படித்துக் காட்டச் சொன்னாள். சக்கரச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, பக்கத்துப் பெஞ்சுக்குக் கேட்டுவிடுமோ என்று கூசிக்கொண்டே படித்தேன். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் கதை முடிந்துவிட்டது. நல்லாயிருக்கு என்றாள். படிக்கும்போது இரண்டு இடத்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டதை நான் கவனித்திருந்தேன்.

அன்று மாலை வீட்டில் அந்த இரண்டு இடங்களையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் நான் பெருமைப்பட்டு எழுதியவை. ஒன்று அந்தி வானத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம். இன்னொன்று கதாநாயகியின் மனத்தைப் பற்றி. அடித்துவிட்டுப் படித்தேன். கதைக்கு ஒரு குறையும் இல்லை.

அதன்பின் அதுவே வழக்கமாகிவிட்டது. வாரம் ஒரு கதை, இல்லாவிட்டால் அரைக் கதை. அவள் ஜன்னலைப் பார்த்தால் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டாள் என்றால் அந்த இடத்துக்கு ஒரு கோடு. கருத்து கேட்டால் நல்லாயிருக்கு என்ற ஒரே வார்த்தைதான் சொல்வாள். முகம் மட்டும் பொய் சொல்லாது. இன்று புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடம் வந்தால் நான் முதலில் சொல்வது இதுதான். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். எழுதாத ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டாம், அவரைப் பார்த்தால் போதும்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. ஒரு மாதம் கழித்து நானும் சுனாமியைப் பற்றி ஒரு கதை எழுதினேன். பனை உயர அலை, பிள்ளையைப் பறிகொடுத்த தாய், கரையெல்லாம் ஓலம். அக்கா முதல் பக்கத்திலேயே வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"இதெல்லாம் டிவில காட்டுனானே. நீ அன்னிக்கு எங்க இருந்த?" என்றாள்.

நான் அலையைப் பார்க்கவே இல்லை. எங்கள் தெரு கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் இட்லி. தெருவில் ஆட்கள் ஓடி வருகிறார்கள். இடுப்புவரை நனைந்த ஒரு பெண் எங்கள் வாசலில் நின்று, மாற்றிக்கொள்ள ஒரு புடவை கேட்டாள். உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்தேன். மேலே இருந்ததை எடுத்தேன், வைத்தேன். அடியில் கிடந்த, ஓரம் கிழிந்ததைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று அக்காவிடம் சொன்னேன்.

சொல்லி முடிக்கும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு, "அத எழுது" என்றாள்.

எழுதினேன். அலை வராத சுனாமிக் கதை. சிறுபத்திரிகை ஒன்றில் வந்தது. என் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது அதில்தான். பெரிய சம்பவம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்களிடம் நான் அந்தப் புடவையைப் பற்றித்தான் பேசுகிறேன். உலகத்துக்கே தெரிந்ததில் உங்களுக்கு மட்டும் தெரிந்தது எது? பல நேரம் அது நாம் வெட்கப்படுகிற விஷயமாகத்தான் இருக்கும்.

இனிச் சொல்லப்போவதில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஊர்களும் ஒரு துணியும் உண்மையில் வேறு. ஏன் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

2006 மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு மாலை, வண்டி வெள்ளாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கிள்ளையில் நின்றுவிட்டது. அக்கா அன்று கதை வேண்டாம் என்றாள். அவளாகப் பேசினாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பையன் அவளோடு இருக்கிறான், எனக்குத் தெரியும். அவனுக்கு மூத்தவள் ஒரு பெண். பையன் வயிற்றில் இருந்தபோது அக்காவுக்கு உடம்பு மோசமாகி, திட்டக்குடியில் இருக்கும் அவளுடைய அக்கா அந்தக் குழந்தையைத் தூக்கிப்போயிருக்கிறாள். ஆறு மாதத்துக்கு என்றுதான் பேச்சு. பெரியவளுக்குக் குழந்தை இல்லை. ஆறு மாதம் ஒரு வருஷமானது, பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பெற்றவளைச் சித்தி என்று கூப்பிடுகிறது.

"எங்க அக்காவ ஒண்ணும் சொல்ல முடியாது. கண்ணுல வச்சிப் பாத்துக்குறாங்க. போனா எனக்கும் நல்லாத்தான் செய்யிறாங்க" என்றாள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரே அளவில் இரண்டு கவுன் தைப்பாளாம். ஒன்றைத் திட்டக்குடிக்குக் கொடுத்தனுப்புவாள். இன்னொன்றை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொள்வாள். அது அவள் புருஷனுக்கும் தெரியாது.

அவள் ஆலப்பாக்கத்தில் இறங்கிப் போனபிறகு நான் நோட்டை எடுத்தேன். வீட்டுக்குப் போகும்வரைகூடப் பொறுக்கவில்லை. நான்கே நாளில் கதை முடிந்தது. அதுவரை நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று எனக்குத் தெரிந்தது. திட்டக்குடியை மேல்பட்டாம்பாக்கம் ஆக்கினேன். பெண்ணை ஆண் ஆக்கினேன், ஜவுளிக்கடையை மருந்துக்கடை ஆக்கினேன். கவுன் சட்டையானது, ஆனால் ஒன்றுக்கு இரண்டாகத் தைத்து ஒன்றைப் பெட்டியில் வைப்பது அப்படியே இருந்தது. கடைசியில் தாய் போய் வாசலில் நிற்க, பையன் அவளைப் பார்த்து அம்மா என்று ஓடிவருகிறான். அந்த வரியை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இந்த ஒரு கதையை மட்டும் அக்காவுக்குப் படித்துக் காட்டவில்லை. அச்சில் வந்ததும் கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொஞ்சம் பெரிய பத்திரிகையிலேயே வந்துவிட்டது. நான் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் கடையில் யாரோ படித்துவிட்டுப் பேசியிருக்கிறார்கள். அவள் வாங்கிப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலை எதிரில் வந்து உட்கார்ந்தாள். பரங்கிப்பேட்டை தாண்டியதும் கேட்டாள்.

"எல்லாத்தயும் மாத்திட்ட. அந்த ரெண்டு துணிய மட்டும் ஏன் மாத்தல?"

 அதுதானே கதை என்று சொல்ல வாய் வரவில்லை.

"அது போவட்டும். கடைசில அம்மான்னு ஓடி வருதுன்னு எழுதியிருக்கியே. அப்டி நடக்காதுன்னு மனசத் தேத்தி வச்சிருந்தேன். ஒரு ராத்திரி பூரா நடக்குமோ நடக்குமோன்னு இருந்துச்சி."

அவள் அழவில்லை, கோபமாகவும் பேசவில்லை. மன்னிச்சிடுங்கக்கா என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். சிதம்பரத்தில் எனக்கு முன்னால் இறங்கி நடந்தாள்.

அடுத்த நாள் அவள் வேறு பெட்டியில் ஏறினாள். ஆலப்பாக்கம் வந்ததும் நான் எட்டிப் பார்ப்பேன். அவள் புடவை மட்டும் தெரியும். நானே போய்ப் பேசியிருக்கலாம். இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அந்த வருஷக் கடைசியில் அகலப்பாதை வேலைக்காக ரயிலையே நிறுத்திவிட்டார்கள். அவள் எந்த பஸ்ஸில் எத்தனை மணிக்குப் போனாளோ தெரியாது. ஒரு மாதம் கழித்து ஜவுளிக்கடையில் விசாரித்தேன். நின்றுவிட்டாள் என்றார்கள்.

நான்கு வருஷம் பஸ். பஸ்ஸில் எழுத முடியாது, நிற்கவே இடமிருக்காது. நடுவில் கல்யாணமாகித் திருப்பாதிரிப்புலியூருக்குப் போனேன். கதைகள் எழுதினேன், சில அச்சிலும் வந்தன. ஆனால் எழுதி முடித்ததும் ஒரு வெறுமை வரும். கணவருக்குப் படித்துக் காட்டினால் பிரமாதம் என்பார். கடைசிவரை கண் எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அன்பினால்தான். எங்கே அலுத்தது என்று அந்த முகத்தில் எனக்குத் தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பும் ஒரு முகத்துக்காக அவ்வளவு ஏங்கியிருக்கிறேன்.

2010-இல் புதிய பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. ஆலப்பாக்கம் வந்ததும் பழக்கத்தில் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பார்த்தேன்.

2012 தொடக்கத்தில், புயலில் மரமெல்லாம் விழுந்து மின்சாரம் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்த சமயம், ஒரு ஞாயிறு காலை அதற்கென்றே ரயிலேறி ஆலப்பாக்கத்தில் இறங்கினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், அவர்கள் இரண்டு வருஷத்துக்கு முன்பே திட்டக்குடிக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். திட்டக்குடி அக்கா பக்கவாதம் வந்து படுத்துவிட்டாளாம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். கைபேசி எண் கொடுத்தாள்.

எடுத்தது ஒரு பெண் குரல். "சித்தி, ஒங்களுக்குத்தான்" என்று கூப்பிட்டது கேட்டது. 

அக்கா என் குரலைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். ஐந்து வருஷமாக மனப்பாடம் செய்துவைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. அவளே பேச்சை மாற்றி, கல்யாணம் ஆச்சா, இன்னும் எழுதுறியா என்று கேட்டாள். அந்தக் கதையைத் திருத்தி எழுத வேண்டும், முடிவை மாற்ற வேண்டும் என்றேன். அவள் அனுமதித்தால்தான்.

"எழுது. ஊரு பேரு மாத்து, துணியயும் மாத்து. அனுப்புறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சிக் காட்டு. போன்ல வேணாம், நேர்ல."

எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வதில் கடினமானது இதுதான். அடுத்தவர் நம்பிச் சொன்னது உங்கள் கதையில் ஒளிவிடும் என்றால், அந்த ஒளி அவருடையது. அச்சுக்குப் போகும் முன் அவர் எதிரில் உட்கார்ந்து படிக்கும் தைரியம் வேண்டும். இல்லையென்றால் எழுதாதீர்கள். என்னிடம் அந்தத் தைரியம் இல்லாததால் எதை இழந்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பத்து மாதம் எடுத்து மறுபடி எழுதினேன். இந்த முறை யாரும் அம்மா என்று ஓடிவரவில்லை. ஒரு சிறுமி ஒரு பெண்ணோடு சேர்ந்து படுக்கையில் இருக்கும் இன்னொரு பெண்ணைத் திருப்பிப் படுக்கவைக்கிறாள், அவ்வளவுதான். மார்கழியில் தேர் பார்க்கச் சிதம்பரம் வருவதாக அக்கா சொல்லியிருந்தாள். கீழ வீதியில் ஒரு பாத்திரக்கடை வாசலில் நான் நிற்பது, அவள் பச்சைப் புடவையில் வருவது என்று பேச்சு. நான் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போய் நின்றேன். வீதி முழுக்கக் கோலம். தேர் அசைந்து வந்தது, வடம் பிடித்தவர்கள் என்னை ஓரத்துக்குத் தள்ளினார்கள், தேர் தாண்டிப் போனது. ஒவ்வொரு பச்சைப் புடவையையும் அவளோ என்று பார்த்தேன். வெயில் ஏறிக் கூட்டம் கலையும்போது போன் வந்தது.

"வர முடியல. பொண்ணுக்கு ஜொரம். என்ன விட்டு நவுரவே மாட்டேங்குது, புடவையப் புடிச்சிக்கினு படுத்திருக்கு" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு நிறைவை நான் அதுவரை கேட்டதில்லை.

பரவாயில்லக்கா, இன்னொரு நாள் படிக்கிறேன் என்றேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதோடு, அவளைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பும் இருந்தது. ஒரு டீ குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அந்தக் கதையை இன்னும் எங்கேயும் அனுப்பவில்லை.